அடுத்த ஆள்

மீசாலை
20.01.1994

அன்பு மகள் குணலட்சுமிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் இளையவள் பராசக்தியும் இருக்கிறோம். மழைக்கு என் முழங்கால் நோகிறது, அவ்வளவுதான். அங்கே நீயும் மருமகனும் மூத்தவள் வதனாவும் நோய் நொடியில்லாமல் இருக்க வைரவரைக் கேட்டுக்கொள்கிறேன். உன் கடைசிக் கடிதம் ஆவணியில் வந்தது. மூன்றாம் வகுப்போடு நின்ற எனக்கே எழுதக் கை வருகிறது.

நேற்று மகாதேவி வந்தாள். எங்கள் பங்குக் கிணற்றின் மற்றப் பங்குகாரன் ஏரம்புவின் மகள். அவளுடைய தகப்பன் எழுபத்திரண்டில் வேலியை எங்கள் பக்கம் தள்ளி அடைத்ததையும், எங்கள் முறை நாளில் தன் புகையிலைக்கு இறைத்ததையும், வாசற் படலையில் நின்று பராசக்தியை "விசரி" என்றதையும் நான் மறக்கவில்லை. ஆகவே கதிரை கொடுக்கவில்லை. நின்றபடியே கதைத்தாள்.

"ஆச்சி, சனசமூக நிலையத்துப் பின்னறையிலை ஒரு வகுப்புத் தொடங்கியிருக்கிறன். பள்ளிக்கூடங்கள் திருப்பி அனுப்பின பிள்ளையளுக்கு. பராசக்தியையும் விடுங்கோ."

"விட்டு? அவள் ஒருத்தற்றை முகத்தையும் பாக்கமாட்டாள். பொம்பர் பிளேன் வந்தால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்குக் கீழை. சொன்னதையே சொல்லிக்கொண்டிருப்பாள். என்னத்தைப் படிப்பிக்கப்போறாய்?"

"தெரியும் ஆச்சி. வேலியாலை பாத்து வளந்தனான்தானே."

"கொப்பரும் அந்த வேலியாலைதான் பாத்தவர்."

சிரித்தாள். கோபம் வராத பெண்களோடு சண்டை பிடிப்பது பெரிய கரைச்சல்.

உனக்குத் தெரியும், பராசக்தியை இனி வீட்டில் வைத்திருங்கள் என்று ஐந்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தார் சொன்ன நாள் தொடக்கம் பிள்ளை கிணற்றடியில்தான். எந்த வீட்டு முறை எப்போது என்பதில் அவளுக்குப் பிழைக்காது. முறை மாறி யாராவது அள்ளினால் அழுவாள். பதினேழு வயது. எனக்கு எழுபத்துநாலு. நான் கண்ணை மூடினால் அவளுக்கு யார்? "அடுத்த வருசம் வந்து கூட்டிக்கொண்டு போறன்" என்று எண்பத்தெட்டில் சொன்னாய். நீலச் சேலை உடுத்திருந்தாய். பிட்டில் பாதியை வைத்துவிட்டு எழும்பினாய்.

பதில் போடு.

அம்மா


ரொறன்ரோ
02.04.1994

என் அன்பான அம்மாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். உங்கள் முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்புகிறேன், கொழும்பிலிருந்து வருகிற யாரிடமாவது வந்து சேரும். இங்கே இன்னும் பனி விடவில்லை. நான் இரண்டு இடத்தில் வேலை. அதனால்தான் எழுதப் பிந்தியது, கோபிக்க வேண்டாம்.

அந்த வகுப்பு விசயம். நீங்கள் பெரியவ, நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் அம்மா, வதனாவுக்கு இருபத்தைந்து முடிகிறது. இரண்டு சம்பந்தம் வந்து குழம்பிவிட்டது. ஏன் குழம்பியது என்று உங்களுக்குத் தெரியும். சின்னவளை நாலு பேர் காண வெளியில் விட்டால் சனம் கதைக்கும். வீட்டோடு இருந்தால் அவளுக்கும் நிம்மதி.

உடம்பைக் கவனியுங்கோ.

உங்கள் அன்பு மகள்
குணம்


மீசாலை
11.07.1994

குணலட்சுமிக்கு,

சுகம், சுகமறிய ஆவல். தைலம் வரவில்லை. உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். பராசக்தி என்ற பெயர் அதில் இல்லை.

நான் அவளை விட்டுவிட்டேன். முதல் கிழமை முழுவதும் மேசைக்குக் கீழேயே இருந்தாள். மகாதேவி இழுக்கவுமில்லை, ஏசவுமில்லை. தானும் கீழே இருந்து மற்றப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னாள். நான் வெளியில் பூவரசுக்குக் கீழே காவல் இருந்தேன், ஏரம்பு வீட்டுப் பெண்ணை முழுக்க நம்புகிற அளவுக்கு எனக்கு இன்னும் வயது போய் அறளை பெயரவில்லை.

அங்கே ஒரு வழக்கம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பொறுப்பு. அந்த விசயத்தில் அந்தப் பிள்ளைதான் பெரியாள், மகாதேவியும் கேட்டுத்தான் நடக்க வேண்டும். குருநகரால் இடம்பெயர்ந்து வந்த கனிசியசுக்குக் கைமணி. வாய் திறந்து ஒரு சொல் கதையாதவன், ஆனால் மணி பிந்தாது. பராசக்திக்குத் தண்ணீர். வாளியும் செம்பும் அவளிடம். வரிசையில் வருகிற பிள்ளைக்கு வார்த்துவிட்டு, "அடுத்த ஆள்" என்று சொல்ல வேண்டும். கன நாள் சொல்லவில்லை. கையால் காட்டினாள்.

பிறகு ஒருநாள் கனிசியஸ் மணியை அடித்துவிட்டு நேரே முன்னுக்கு வந்து நின்றான். மணிகாரன் அல்லவா, அவருக்கு ராச மரியாதை வேண்டுமாம். இவள் வாளியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "அடுத்த ஆள் நீ இல்லை. பின்னாலை போ." குணம், அந்தக் குரல் பூவரசடிக்குக் கேட்டது! பெரியவன் பின்னால் போய் நின்றான். நான் வெற்றிலையை விழுங்கிவிட்டேன்.

இப்போது எங்கள் கிணற்றுக்கும் முறை சொல்கிறாள். ஏரம்பு விடியப்புறம் எங்கள் நாளில் தண்ணீர் அள்ளத் துலாவைப் பிடிக்கப் போக, "இண்டைக்கு உங்கடை முறை இல்லை" என்றிருக்கிறாள். முகத்தைப் பார்க்கவில்லை, அவருடைய காலைப் பார்த்துச் சொன்னாளாம். இருபத்திரண்டு வருசமாக நான் கத்தியும் திரும்பாத மனிசன் வாளியை வைத்துவிட்டுப் போனார்.

அவளுக்கு ஒரு கடிதம் எழுது. எனக்கு எழுதுவதில் ஒரு மூலையில் அல்ல. அவள் பெயருக்கு. வாசிப்பாள்.

அம்மா


ரொறன்ரோ
28.12.1994

அன்பான அம்மாவுக்கு,

எல்லோரும் நலமா? பிந்தியதற்கு மன்னியுங்கோ. வைரவர் கண் திறந்துவிட்டார். வதனாவுக்கு நல்ல இடம் பொருந்தி வருகிறது. இணுவில் ஆட்கள். பெடியன் இங்கேதான், குடி இல்லை, தாய் தகப்பன் இல்லை, வளர்த்தது மாமி. அந்த மாமி செல்வநாயகி இணுவிலில் இருக்கிறா. இப்போது சமாதானப் பேச்சு நடக்கிறபடியால் உங்களைப் பார்த்து விசாரிக்க வருவா. விசாரிக்காமல் நம் சனம் செய்யாது தெரியும்தானே.

அவ வந்தால் நன்றாகக் கவனியுங்கோ. மற்ற விசயமெல்லாம் நான் இங்கிருந்து கதைத்துவிட்டேன். நீங்கள் ஒன்றையும் எடுத்துச் சொல்ல வேண்டாம். அவ ஏதாவது சொன்னால் ஓம் என்று இருங்கோ. அன்றைக்குச் சின்னவளைப் பொழுதுபடும்வரை வகுப்பில் விட்டால் நல்லது.

கெஞ்சிக் கேட்கிறேன் அம்மா. இதுவும் குழம்பினால் வதனா தாங்கமாட்டாள்.

உங்கள் மகள்
குணம்


மீசாலை
19.03.1995

குணலட்சுமிக்கு,

இருக்கிறோம்.

செல்வநாயகி வந்தா. இருந்தா. பனங்கட்டியோடு தேத்தண்ணி குடித்தா. போனா. வதனாவுக்குக் குறையாக நான் ஒன்றும் சொல்லிவிடவில்லை, அந்தப் பயம் வேண்டாம்.

நீ அவவுக்குப் பராசக்தியைப் பற்றி என்ன சொன்னாய் என்பதை உன் கையால் எழுது. அது வரும்வரை நான் எழுதமாட்டேன்.

தங்கமுத்து


ரொறன்ரோ
30.05.1995

அம்மாவுக்கு,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

அவ கொழும்புக்கு வந்து நின்றபோது தொலைபேசியில் கேட்டா, "உங்களுக்கு இளையது ஒண்டு இருந்ததெல்லே, என்ன மாதிரி?" என்று. வதனா பக்கத்தில் நின்றாள். அவளுடைய முகத்தைப் பார்த்தேன். எண்பத்தேழு ஐப்பசியில் ஷெல் விழுந்ததே, அதில் போய்விட்டது என்று சொல்லிவிட்டேன். வாயால் வந்துவிட்டது. அவ அந்தப் பக்கம் அழுதா. பிறகு எப்படித் திருப்பி எடுப்பேன்?

நானும் பெற்றவள்தான். இதற்கு மேல் எழுத முடியவில்லை. நீங்கள் ஏசி எழுதினாலும் எழுதுங்கோ.

குணம்


மீசாலை
06.08.1995

குணலட்சுமிக்கு,

இங்கே சுகம் என்று எழுத முடியாது. சண்டை திரும்பவும் தொடங்கிவிட்டது, பாதை பூட்டு. ஏசி எழுதக் கேட்டாய். ஏசவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், நீ கேள்.

அன்று நீ சொன்னபடி அவளை வகுப்புக்கு அனுப்பினேன். செல்வநாயகி விறாந்தையில் இருந்து என் கையைப் பிடித்தா. "இளையது ஷெல்லிலை போனதெண்டு குணலட்சுமி சொன்னவ அக்கா. பத்து வயசாம். பாவம், என்ன விதியோ."  வெயிலில் வந்த மனிசிக்குத் தண்ணீர் எடுப்பம் என்று திரும்புகிறேன், பின்வாசலில் பராசக்தி செம்போடு நிற்கிறாள். அன்று எங்கள் கிணற்று முறை. முறை நாளில் அவள் பதினொரு மணிக்கு வருவாள் என்பதை நான்தான் நினைக்கவில்லை. இந்த உலகத்தில் எல்லாம் ஞாபகம் வைத்திருக்கிற நான்!

"இது ஆர் பிள்ளை?" என்று அவ கேட்டா.

நான் வதனாவை நினைத்தேன். "தண்ணியைக் குடியுங்கோ" என்றேன். அவ அயல் பிள்ளை என்று நினைத்துக் குடித்தா.

அவ போன பிறகு இவள் என் சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்:

"அம்மம்மா, நான் எப்ப செத்தனான்?"

"நீ சாகேல்லை மோனை. ஆரோ பிழையாய்ச் சொல்லிப்போட்டினம்."

"ஆர் சொன்னது?"

நான் செம்பை எடுத்துக் கழுவப் போனேன். "அம்மாதான் சொன்னது, அந்த மாமி சொன்னவ" என்று அவளே சொன்னாள். "அம்மாவுக்குத் தெரியும்தானே."

குணம், அந்த ஷெல்லில் செத்தது எங்கள் செங்காரிப் பசு. நீயே மாட்டுக் கட்டையடியில் இருந்து குழறினாய். பசுவின் சாவை எடுத்துப் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறாய்.

அன்றிலிருந்து அவள் வகுப்புக்குப் போகவில்லை. கிணற்றடிக்கும் போகவில்லை. மகாதேவி வாளியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். "செத்த ஆக்கள் முறை சொல்லக்கூடாது" என்றாள் பராசக்தி. விளையாட்டுக்குச் சொன்ன பகிடி இல்லை. அவளுக்குப் பகிடி தெரியாது. ஒரு வருசமாக மேசைக்குக் கீழே இருந்து ஏறி வந்த பிள்ளை திரும்பக் கட்டிலுக்குக் கீழே. கனிசியஸ் இரண்டு தரம் படலையில் வந்து மணி அடித்துப் பார்த்தான். எழும்பவில்லை.

நான் சொன்னால் நம்புகிறாளில்லை. சொன்ன ஆள்தான் திருப்பிச் சொல்ல வேண்டுமாம். நியாயம் தானே. வதனாவின் கலியாணத்தை நான் கெடுக்கமாட்டேன். செல்வநாயகிக்கு ஒன்றும் எழுத வேண்டாம். ஆனால் இந்தப் பிள்ளைக்கு ஒரு வரி எழுது. "பராசக்தி, நீ உயிரோடு இருக்கிறாய். இப்படிக்கு அம்மா." வேறொன்றும் வேண்டாம்.

அம்மா


ரொறன்ரோ
24.09.1995

அன்பான அம்மாவுக்கு,

வதனாவின் கலியாணம் நல்லபடி முடிந்தது. படம் வைத்திருக்கிறேன். கூறைச் சேலையில் உங்களைப் போலவே இருக்கிறாள். பேப்பரில் வருகிற செய்தியைப் பார்க்க நெஞ்சு பதறுகிறது. கவனமாக இருங்கோ.

சின்னவளுக்கு எழுத எத்தனையோ தரம் இருந்தேன். பெயரை எழுதிய பிறகு கை ஓடவில்லை. நல்ல நாள் பார்த்து எழுதுகிறேன்.

குணம்


மீசாலை
22.11.1995

குணலட்சுமிக்கு,

அம்மா. உயிரோடு இருக்கிறோம். உன் கடிதத்தைப் பிரிக்கும்போது படம் மட்டும் விழுந்தது. பராசக்தி உறையை உதறிப் பார்த்தாள்.

ஆமி முன்னேற, வலிகாமத்துச் சனம் முழுவதும் எங்கள் பக்கம் வந்துவிட்டது. ஐப்பசிக் கடைசியில், கொட்டுகிற மழையில், நாவற்குழிப் பாலத்தால் நடந்து வந்தார்கள். பிள்ளைகள், சட்டி பானை, சைக்கிளில் கிழவர்கள். எங்கள் வளவில் மட்டும் காலடி வைக்க இடமில்லை. மாட்டுக் கொட்டிலில் இரண்டு குடும்பம். எங்கள் தென்மராட்சியில் உவர் இல்லாத கிணறு எத்தனை என்று உனக்குத் தெரியும். எங்கள் கிணறு நல்லதண்ணீர். கேள்விப்பட்டவர் எல்லாரும் வந்தார்கள்.

முதல் நாள் அடிபிடி. கயிற்றை ஒருவர் இழுக்க வாளியை ஒருவர் பறிக்க, கைப்பிள்ளைக்காரி ஒருத்தி சேற்றில் விழுந்தாள். மகாதேவி கத்திக் கத்திக் குரல் அடைத்தாள். எனக்கோ காய்ச்சல், குணம். அந்தக் கைப்பிள்ளைக்காரி என்னிடம் வந்து, "ஆச்சி, இதிலை ஆரிட்டைக் கேக்கிறது?" என்று அழுதாள்.

எனக்கு என்ன வந்ததோ தெரியாது. வாசற்படியில் ஏறி நின்று, இருக்கிற குரலை எல்லாம் எடுத்துச் சொன்னேன்: "என்னட்டைக் கேக்காதையுங்கோ! இந்தக் கிணத்துக்குப் பொறுப்பு என்ரை பேத்தி பராசக்தி! குணலட்சுமியின்ரை இளைய மகள்! உள்ளுக்கை இருக்கிறாள்!"

 அப்போது ஏரம்பு வந்தார். நனைந்து, வெறும் வாளியோடு. கிணற்றில் பாதி அவருடையது, அள்ளிக்கொண்டு போயிருக்கலாம். என் வீட்டுப் படியை எழுபத்திரண்டுக்குப் பிறகு மிதிக்காத மனிசன், கட்டிலடியில் குந்தினார்.

"பிள்ளை பராசக்தி, என்ரை முறை எப்ப?"

வாளியைக் கட்டிலுக்குக் கீழே அவளுக்குத் தெரியத் தள்ளி வைத்தார்.

"நீ சொல்லாமல் நான் அள்ளேலாது. சனம் எல்லாம் பாத்துக்கொண்டு நிக்குது. சொல்லு மோனை."

 பிறகு கட்டிலுக்குக் கீழே இருந்து, "நீங்கள் இப்ப இல்லை. கைப்பிள்ளைக்காரர் முதல்" என்று கேட்டது. வெளியில் வந்தாள். காதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அந்தச் சனத்துக்குள்ளால் நடந்து போய்க் கிணற்றுக் கட்டில் ஏறினாள். கனிசியஸ் ஓடிவந்து மணியை அடித்தான். அவள் ஒரு கையை எடுத்தாள்.

"அடுத்த ஆள்."

இதற்காக நான் ஏரம்புவின் வேலி விசயத்தை மன்னிக்கவில்லை. ஒரு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

இனி உனக்குரியது. நாலாம் நாள் இணுவில் சனத்தோடு செல்வநாயகியும் வந்தா. ஒரு குடத்தோடு. என்னைக் கண்டதும் வரிசையை விட்டு நேரே முன்னுக்கு வந்தா. "நான் இந்த வீட்டுச் சம்பந்தி, விடுங்கோ" என்று சனத்தை விலத்தினா.

"நீங்கள் கடைசி. பின்னாலை போங்கோ" என்றாள் பராசக்தி.

"அடியே, நான் ஆரெண்டு தெரியுமே? நீ ஆர் பிள்ளை?"

"தெரியும். செல்வநாயகி மாமி. நான் பராசக்தி. குணலட்சுமியின்ரை இளைய மகள். ஷெல்லிலை செத்தனான் எண்டு நீங்கள் சொன்னனீங்கள். அது பிழை. பின்னாலை போங்கோ."

 அவ என்னைப் பார்த்தா. இம்முறை நான் தண்ணீர் குடியுங்கோ என்று சொல்லவில்லை. "ஓம்" என்றேன். அவ குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்க் கடைசியில் நின்றா. முறை வந்தபோது பராசக்தி மற்றவர்களுக்கு வார்த்த அதே அளவு வார்த்தாள். அவ அன்று எங்கள் வளவிலேயே தங்கினா. பிறகு என் நெற்றியில் கை வைத்துப் பார்த்து, கஞ்சி காய்ச்சித் தந்தா. உனக்கு என்ன எழுதுவாவோ தெரியாது. நான் மறிக்கமாட்டேன்.

நெஞ்சுச் சளி இறங்கவில்லை. பராசக்திக்கு அந்த வரியை எழுது. இப்போது அவளுக்கு அது தேவையோ தெரியாது. உனக்குத் தேவை.

கிளாலிக் கடலேரியால் வன்னிக்குப் போகிற சூசைதாசனிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

அம்மா


மீசாலை
17.12.1995

அம்மாவுக்கு,

பராசக்தி எழுதுவது. நான் சுகம். நீங்கள் சுகமா? கடிதத்தில் இதை முதலில் கேட்க வேண்டும் என்று மகாதேவி அக்கா சொன்னா.

அம்மம்மா செத்துப்போனா. இது உண்மையாகச் செத்தது. நான் பார்த்தேன். ஏரம்பு மாமா பாடை கட்டினார். செல்வநாயகி மாமி குளிப்பாட்டினா. குளிப்பாட்டத் தண்ணீர் கேட்டார்கள். அப்போது வரிசை நீளம். அம்மம்மாவை முதலில் விடலாமா என்று வரிசையில் நின்ற ஆட்களைக் கேட்டேன். எல்லோரும் ஓம் என்றார்கள். அதனால் பிழை இல்லை.

அம்மம்மா சாக முதல், உங்கள் கடிதம் வரும், படலையைப் பார் என்று சொன்னா. பார்த்தேன். வரவில்லை. இனிப் பார்க்க நேரம் இல்லை. கிணற்றில் ஆட்கள் அதிகம். மகாதேவி அக்கா பள்ளிக்கூடத்து அகதி முகாம் கிணற்றையும் என்னிடம் தந்திருக்கிறா. அங்கே கனிசியசுக்கு மணி. நான் இல்லாத நேரம் முறை சொல்ல இரண்டு பிள்ளைகளுக்குப் பழக்குகிறேன். ஒருத்தி மேசைக்குக் கீழே இருக்கிறாள். நானும் கீழே இருந்து சொல்லிக் கொடுக்கிறேன்.

மாமி உங்களுக்கு எழுதவில்லையாம். நான் உயிரோடு இருப்பதை அங்கே நீங்களே சொல்ல வேண்டும் என்று சொல்லச் சொன்னா.

நீங்கள் வந்தால் தண்ணீருக்கு வரிசையில் கடைசியில் நிற்க வேண்டும். வந்த நேரம்தான் கணக்கு. சொந்தம் கணக்கு இல்லை. உங்கள் முறை வரும்போது நான் கூப்பிடுவேன்.

பராசக்தி
கிணற்றுப் பொறுப்பு